பகலவன் சாரின் காரணக் கட்டம்

பகலவன் சாரிடம் ஒரு விஷயத்தைச் சொல்வது கிணற்றில் கல் போடுகிற மாதிரி என்று எங்கள் ராயபுரம் அலுவலகத்தில் சொல்வார்கள். அதுகூடச் சரியில்லை. கிணற்றில் கல் போட்டால் ‘தொப்’ என்று ஒரு சத்தமாவது வரும். இவரிடம் அதுவும் வராது.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பிறந்து வளர்ந்தவர். அங்கே சுவர் என்பது பேருக்குத்தான். யார் வீட்டில் யார் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தார்கள் என்பது மூன்று வீடு தள்ளிக் கேட்கும். எல்லாம் கேட்கிற இடத்தில் எல்லாரும் கேட்காத மாதிரி இருந்தால்தான் குடித்தனம் நடக்கும். அந்தப் பழக்கம் அவருக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. அவர் மனைவி ரமாபாய் அக்கா என்னிடம் சொல்லிச் சிரிப்பார்: “இந்த ஆளுக்கு புரமோஷன் வந்தது எனக்கு எங்க தெரிஞ்சுது தெரியுமா பட்டம்மா? ரேஷன் கடை கியூவுல. பின்னால நின்னவ சொல்றா, இன்னாக்கா, சார் அசிஸ்டண்ட் ஆயிட்டாராமேன்னு. வூட்டுக்கு வந்து கேட்டா, ‘ஆமா, அதுக்கின்னா இப்போ’ன்றாரு!”

அலை அரிக்கிற கரையில் கல் போட்டு, சுவர் எழுப்பி, எழுப்பின சுவரை மறுபடி பழுது பார்க்கிற அரசாங்க முகமை எங்களுடையது. ராயபுரத்தில் தலைமையிடம், திருவொற்றியூரில் ஒரு கிளை, எண்ணூரில் முகத்துவாரக்குப்பம் போகிற வழியில் இன்னொரு கிளை. ராயபுரத்தில் கூட்டிப் பெருக்கி டீ வாங்கி வைக்கிறவள் நான். வடிவுடையம்மன் கொடுத்த வேலை, அவள் காப்பாற்றுகிறாள்.

பட்ஜெட்டில் வந்த பணம் எங்கே போனது என்று பார்க்க ஒரு சாஃப்ட்வேர் வந்தபோது, அதைத் தொட எல்லாரும் பயந்தார்கள். பகலவன் சார்தான் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். செலவு எதுவானாலும் அவர்தான் ஏற்றுவார். ஒவ்வொரு செலவுக்கும் பக்கத்தில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். வேறு யாராவது என்றால் அதில் ‘பழுது’, ‘பயணம்’ என்று ஒரு வார்த்தை போட்டு எழுந்து போயிருப்பார்கள். நம் சார் அப்படி இல்லை. முன்பு ஒரு தடவை கயிறு வாங்கின பில் ஒன்றை, ‘காரணம் போதாது’ என்று எழுதி எழுதித் தணிக்கைக்காரர் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தாராம். அந்தச் சூடு அவருக்கு ஆறவில்லை. அரசாங்கம் காரணம் கேட்டால் முழுசாகச் சொல்லிவிட வேண்டும், பொய்யும் கூடாது, பாக்கியும் கூடாது என்று முடிவு செய்துவிட்டார்.

“ஜீப் டீசல் கூடுதல். காரணம்: எண்ணூர்ப் பொறியாளரின் மாமியார் ரயிலைத் தவறவிட்டதால் அடுத்த ஸ்டேஷன் வரை ரயிலைத் துரத்திச் சென்றது. பிடிக்க முடியவில்லை.”

“நாற்காலி ஒன்று மாற்றம். காரணம்: மேலாளர் உட்கார்ந்தார். அவர் மீது குற்றமில்லை. தைராய்டு காரணமாக அண்மையில் உடல் கனத்திருக்கிறது.”

வாயால் ஒரு வார்த்தை விடாத மனிதர் இப்படி எப்படி எழுதுவார் என்று கேட்பீர்கள். காலையில் அவர் கம்ப்யூட்டரைத் திறந்தால் திரையில் ‘வணக்கம், பகலவன்’ என்று வரும். பேரைச் சொல்லி வணக்கம் வைக்கிறது அல்லவா, அதனால் அது தன்னோடு மட்டும்தான் பேசுகிறது, தான் எழுதுவதைத் தணிக்கைக்காரர் ஒருவர்தான் பார்ப்பார் என்று அவர் நம்பினார். வைத்தியரிடம் சொல்கிற மாதிரி எல்லாவற்றையும் அதனிடம் சொன்னார்.

ஆனால் அது எல்லாருக்கும்தான் வணக்கம் வைத்தது. மூன்று அலுவலகத்திலும் யார் திறந்தாலும் அத்தனையும் தெரியும். சார் கருவூலத்துக்குக் கிளம்பினதும் இங்கே டீயோடு கூட்டம் கூடிவிடும். ஒருத்தர் படிக்க, மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். எண்ணூரிலிருந்து போன் வரும்: “இன்னாப்பா, இன்னிக்கு இன்னும் ஒண்ணும் ஏத்தலையா? நாங்க டீய வெச்சிகினு குந்தினுகீறோம்.” நானும் டம்ளரை எடுக்கிற சாக்கில் நின்று கேட்டதுண்டு. அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவாரே!

இதில் விளையாட்டில்லாத ஒன்றும் இருந்தது. அது ரோஸ்மேரி அம்மாவின் காது.

ரோஸ்மேரி அம்மா எங்கள் கண்காணிப்பாளர். அவர் அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் மளிகை மண்டி வைத்தவர். அம்மாவுக்குக் கோபம் வந்தால் அந்த ஊர்ப் பேச்சு வந்துவிடும். கடலோரத்து மாதா கோயில் பாடகர் குழுவில் சின்னப் பெண்ணாகச் சேர்ந்தவர். திருவிழா அன்றைக்குத் தேர் கிளம்புவதற்கு முன்னால் ஒரு பாட்டு உண்டு. மேளம் நிற்கும், வெடி நிற்கும், ஒரே ஒரு குரல் மட்டும் எழும். வருஷா வருஷம் அது ரோஸ்மேரி அம்மாவின் குரல்தான். நான் வேறு சாமி கும்பிடுகிறவள். ஆனாலும் அந்தப் பாட்டைக் கேட்டால் எனக்குக் கை தானாகக் கூப்பிக்கொள்ளும். தெய்வத்துக்குப் பாடுகிற குரலில் பேதம் ஏது?

அந்த அம்மாவுக்கு இடது காது கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துப்போனது. கருவி வாங்கினார். முடியைத் தளரப் பின்னிக் காதை மூடிக்கொண்டார். பாடகர் குழுவில் தெரிந்தால் ‘காது கேக்காதவளுக்கு என்ன சுதி தெரியும்’ என்று பாட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று பயம். வைத்தியச் செலவை அலுவலகம் திருப்பித் தரும் என்பதால் பில்லை மட்டும் பகலவன் சாரிடம் கொடுத்தார்.

“உங்களை நம்பித்தான் தாரேன் பகலவன். வெளிய போகக் கூடாது.”

“மேடம், நான் எப்ப வாயத் தொறந்துகீறேன்?”

உண்மைதான். வாயைத் திறக்கவில்லை. “செவித்துணைக் கருவி. காரணம்: கண்காணிப்பாளருக்கு இடது காது அறவே கேட்கவில்லை. கோயிலில் பாடுவதால் மிகவும் வருந்துகிறார். யாருக்கும் தெரியக் கூடாது என்கிறார்.”

அன்றைக்கு டீ நேரத்தில் அதைப் படித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து எல்லாரும் ரோஸ்மேரி அம்மாவிடம் பேச வேண்டுமென்றால் மேசையைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போய் நின்றார்கள். அவர் அதைக் கவனித்தாரோ என்னவோ.

இப்படி இருக்கும்போதுதான் எழில்மொழி மேடம் வந்தார். திருவிழா அந்த ஞாயிற்றுக்கிழமை. அவர் வந்தது புதன்கிழமை. அரசாங்க சாஃப்ட்வேர்களில் யாருடைய சொந்த விஷயமாவது வெளியே தெரிகிறதா என்று சோதித்து அறிக்கை எழுதுகிற வேலை அவருக்கு. சின்ன வயசுதான், நல்ல அமைதி.

மேலாளர் பரசுராமன் சார் தன் கம்ப்யூட்டரைத் திறந்து கொடுத்து, “இதுல சோதிக்க ஒண்ணும் இல்லம்மா. வெறும் பட்ஜெட். கல்லு, மண்ணு, டீசல். தனி ஆளப் பத்தி ஒரு எழுத்து கெடையாது” என்றார். பாவம், அவர் ஒருநாளும் அதைத் திறந்து படித்ததில்லை.

எழில்மொழி மேடம் கொஞ்ச நேரம் படித்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார். தோள் குலுங்கியது.

“சார், கல்லுக்கும் மண்ணுக்கும் தைராய்டு வருமா?”

மேலாளர் குனிந்து படித்தார். பிறகு தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை ஒரு தடவை பார்த்தார். “பகலவன்!” என்று கூப்பிட்ட சத்தத்தில் ஜன்னலில் இருந்த காக்கை பறந்தது.

பகலவன் சார் வந்து திரையைப் பார்த்தார். மேலே ‘வணக்கம், பரசுராமன்’ என்று இருந்தது. கீழே அவர் எழுதினது அத்தனையும் இருந்தது. அவர் முகம் மாறினதைப் பார்த்து நான் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டேன். நம்பின சிநேகிதனை இன்னொருத்தர் வீட்டில், இன்னொருத்தர் தோளில் கை போட்டபடி பார்த்த மாதிரி நின்றார்.

“இது... இவருக்கும் வணக்கம் வெக்குதா?”

“எல்லாருக்கும் வெக்கும் சார்” என்றார் எழில்மொழி மேடம். “மூணு ஆபீஸ்லயும்.”

“அப்ப... டென்னிஸுக்கும்?”

டென்னிஸ் திருவொற்றியூர்க் கிளையில் எழுத்தர். பாடகர் குழுவுக்குத் தலைவரும் அவர்தான். கீபோர்டு வாசிப்பதும் அவரே, யாருக்கு எந்தப் பாட்டு என்று சொல்வதும் அவரே.

பகலவன் சார் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். “நான் தப்பா ஒண்ணியும் எழுதலம்மா. எல்லாம் மெய்யாலுமே நடந்தது.”

“தெரியும் சார். எல்லாமே உண்மையா இருக்கு, அதான் பிரச்சனையே.” அவர் குரலில் அதட்டல் இல்லை. “இந்தக் கட்டத்த இனிமே உங்களுக்கும் தணிக்கைக்கும் மட்டும் தெரியற மாதிரி மாத்தச் சொல்லி எழுதறேன். ஆனா யாரோட உடம்பு விஷயம் வெளிய போச்சோ, அவங்களுக்கு அதச் சொல்லாம நான் அறிக்கைய முடிக்க முடியாது. நான் கடிதம் அனுப்பட்டுமா?”

“வாணாம்மா. கடுதாசி வாணாம். நானே சொல்றேன்.”

ஆயுசில் யாரிடமும் எதையும் சொல்லாத மனிதர், சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டார். அன்றைக்கு மதியம் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. ரோஸ்மேரி அம்மாவின் அறை வாசலுக்குப் போவதும் திரும்புவதுமாக இருந்தார். “இன்னா சார், நடை பழகறீங்களா?” என்று டிரைவர் கேலி செய்தார். கடைசியில் உள்ளே போய், தலையைக் குனிந்துகொண்டு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நிமிர்ந்தார். ரோஸ்மேரி அம்மா தலையை ஆட்டி, “சரி சரி, பரவால்ல. பாத்துக்கலாம்” என்றார்.

வெளியே வந்த சாருக்கு முகமெல்லாம் வெளிச்சம். “தங்கமான மனசு பட்டம்மா! திட்டுவாங்கன்னு நெனச்சேன். பரவால்லன்னுட்டாங்க. ஒரு டீ குடு. இன்னொரு டீயும் குடு.”

எனக்கு மட்டும் உறுத்தியது. சோதிக்க வந்த மேடம் கண்ணில் பட்டுவிடுமோ என்று ரோஸ்மேரி அம்மா காலையிலேயே கருவியைக் கழற்றிக் கைப்பையில் வைத்ததை நான் மேசை துடைக்கும்போது பார்த்திருந்தேன். சார் நின்று பேசினது இடது பக்கம். அவருடைய சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வராமல் நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் ரோஸ்மேரி அம்மாவே கேட்டுவிட்டார். “பகலவன், நேத்து என்னமோ வந்து சொன்னீங்களே, லீவா? எழுதிக் குடுங்க, கையெழுத்துப் போடுதேன்.”

சார் நின்ற இடத்திலேயே வேர்த்துப்போனார். நேற்றுச் சேர்த்த தைரியம் எல்லாம் நேற்றே செலவாகிவிட்டது. இருந்தாலும் இந்தத் தடவை சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனார். பயத்தில் குரல் உயர்ந்துவிட்டது. “மேடம், உங்க காது விஷயத்த நான் கம்ப்யூட்டர்ல எழுதிட்டேன். அது எனக்கு மட்டும்தான் தெரியும்னு நெனச்சேன். ஆனா எல்லாருக்கும் தெரிஞ்சிபோச்சு!”

தட்டச்சுச் சத்தம் நின்றது.

“எல்லாருக்கும்னா?”

“மூணு ஆபீஸ்க்கும்.”

“டென்னிஸுக்குமா?”

சார் மெதுவாகத் தலையாட்டினார்.

“அதான் கீபோர்டைத் தூக்கி வலது பக்கம் போட்டானா?” என்றார் ரோஸ்மேரி அம்மா மெதுவாக. “ஃபேன் காத்து படலைன்னு சொன்னான். நானும் நம்பிட்டேன் பாருங்க.” பிறகு அலுவலகத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். “நீங்க எல்லாரும் மேசையச் சுத்திச் சுத்தி வந்தது இதுக்குத்தானா? ஏய்யா, அப்ப போன மாசம் கோயில்ல நான் பாடினது நல்லாருக்குன்னு ஒவ்வொருத்தனும் வந்து சொன்னதெல்லாம் என்னய்யா? பாவம் பாத்துச் சொன்னதா?”

யாராவது ஒருவர் இல்லை என்று உடனே சொல்லியிருக்கலாம். எல்லாரும் குற்றவாளி மாதிரி நின்றதில் அந்த நேரம் போய்விட்டது.

“செவிடி பாடுதான்னு வேடிக்கை பாக்க நான் தேர் முன்னால நிக்க மாட்டேன். ஞாயித்துக்கெழம வேற ஆளப் பாத்துக்கச் சொல்லு அவன்கிட்ட.”

அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று முழுவதும் அவருக்கு வைத்த டீ ஆறி ஏடு கட்டியது.

வெள்ளிக்கிழமை நான் வழக்கம்போல் திருவொற்றியூர் போய் அம்மனைப் பார்த்துவிட்டு வர அனுமதி கேட்டேன். பகலவன் சாரும் கூடவே பஸ் ஏறினார். டென்னிஸிடம் சொல்ல வேண்டியது அவருக்கும் ஒன்று இருந்தது. வழியெல்லாம் கண்டெய்னர் லாரி வரிசை. பஸ் நத்தை மாதிரி நகர்ந்தது. கோயிலில் நான் கண்ணை மூடி, “தாயே, உன் கூட்டாளி மாதாவுக்குத்தான் பாட்டு. நீயும் கொஞ்சம் பாத்துக்கோ” என்று வேண்டிக்கொண்டேன். சார் வெளியே செருப்புக்குக் காவல் நின்றார். புத்தர் படம் மாட்டின வீட்டுக்காரர். ஆனாலும் என்னைச் சீக்கிரம் வா என்று சொல்லவில்லை.

டென்னிஸ் கம்ப்யூட்டர் திரையில் மூக்கு இடிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். சார் அருகில் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

“டென்னிஸ், உன் கண்ணு விஷயத்தயும் நான் எழுதிட்டேன்பா. எல்லாரும் படிச்சிட்டாங்களாம்.”

டென்னிஸ் பெரிதாகச் சிரித்துவிட்டார். “‘ஒரு கண் அறுவை முடிந்தும் பார்வை தெளியவில்லை. மற்றதற்குத் தைரியம் வரவில்லை.’ அதானே? எண்ணூர் ஆபீஸ்ல இருந்து பெர்சிஸ் போன் பண்ணி, தைரியம் வந்துதா அண்ணேன்னு வாரா வாரம் கேக்குறா. அத்த வுடு சார். ரோஸ்மேரியக்கா பாடலன்னு சேதி வந்துகீதே, அதான் பேஜாரா கீது. அவங்க பாடலன்னா ஞாயித்துக்கெழம எம்மானம்தான் போவும்.”

“உன் மானமா? அது எப்பிடி?”

டென்னிஸ் எழுந்து சட்டையைச் சரி செய்தார். “வா. அத்த நான் அங்க வந்து சொல்றேன்.”

மூன்று பேருமாகத் திரும்பினோம். ராயபுரம் அலுவலகத்தில் எழில்மொழி மேடம் அறிக்கையின் கடைசிப் பக்கத்தை முடிக்கக் காத்திருந்தார். டென்னிஸ் நேராக ரோஸ்மேரி அம்மாவின் கதவைத் தட்டினார். அவர் வெளியே வந்ததும், வலது பக்கமும் போகாமல் இடது பக்கமும் போகாமல் நேர் எதிரே நின்றார்.

“யக்கா, பாவம் பாத்துப் பாட்டு குடுக்க நான் இன்னா தர்ம சத்திரமா நடத்துறேன்? எனக்குக் கண்ணு மங்கலாப் போயி ரொம்ப நாளாச்சு. பாட்டு நோட்டுல எழுத்தே தெரியல. நீ தலையத் தூக்கி மூச்சு இழுக்கறத பாத்துதான் அடுத்த அடிக்கே நான் கட்டைய அழுத்தறேன். அதுக்குத்தான் கீபோர்டு வலது பக்கம். உன் காதுக்குப் பாதி, என் கண்ணுக்குப் பாதி. நீ வரலன்னா நான் தேர் முன்னால முழிச்சினு நிப்பேன்.”

“தெரியும்டா!” என்றார் ரோஸ்மேரி அம்மா கோபம் குறையாமல். “அதுக்குத்தானே நானும் ஒவ்வொரு அடிக்கும் முன்னால தலையை ஆனை மாதிரித் தூக்கித் தூக்கி மூச்சு இழுக்கேன்!”

டென்னிஸ் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவரைப் பார்த்தார். “நான் உன்கிட்ட சொல்லவே இல்லயே. உனக்கு எப்பிடிக்கா தெரியும்?”

ரோஸ்மேரி அம்மாவின் பார்வை மெதுவாகப் பகலவன் சாரின் கம்ப்யூட்டர் பக்கம் போய்த் திரும்பியது.

முதலில் சிரித்தது எழில்மொழி மேடம். அறிக்கையால் முகத்தை மறைத்துக்கொண்டார். அதற்கப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை.

“நீங்களுமா மேடம்?” என்றார் பகலவன் சார். நொந்துபோன குரல்.

“ஆமாய்யா! தெனம் காலைல ஜெபம் முடிச்சு, அடுத்து அதான்” என்றார் ரோஸ்மேரி அம்மா. “உம்ம மாமியார் ரயிலை விட்ட கதைய...”

“என் மாமியார் இல்ல மேடம். எண்ணூர் இன்ஜினியர் மாமியார்.”

“யார் மாமியாரா இருந்தா என்ன, எனக்குச் சிரிச்சுப் புரையேறிருச்சு. என்னுதும் அதுலதான் இருக்குன்னு மட்டும் தெரியாமப் போச்சு. என்னுதை ஏத்தின அன்னைக்கு நான் லீவு, அதைப் பாக்கவே இல்ல. பில்லு உங்க கையில குடுத்தேன், அதோட மறந்துட்டேன்.” சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, “டேய் டென்னிஸ், சத்தியமாச் சொல்லு. சுதி எங்கயாவது விலகுதா?” என்றார்.

“விலகினா நான் வுடுவனா? போன வருசம் விலகுச்சு, கருவி வாங்கறதுக்கு மின்ன. இப்ப இல்ல.”

அந்த ஒரு பதில்தான் அவருக்கு வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன். என் பக்கம் திரும்பி, “பட்டம்மா, சூடா ஒண்ணு” என்றார்.

எழில்மொழி மேடம் அறிக்கையை முடித்தார். திங்கட்கிழமை முதல் காரணக் கட்டம் பூட்டப்படும், இரண்டு பேருக்குத்தான் தெரியும் என்று அறிவித்ததும் எல்லார் முகமும் தொங்கிவிட்டது. “அப்ப டீ டைம்ல நாங்க இன்னா பண்றது மேடம்?” என்று டிரைவர் கேட்டார். “டீ குடிங்க” என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை கடற்கரைத் தெரு முழுக்க விளக்கு. மீன் கூடை வைக்கிற இடமெல்லாம் கழுவிக் கோலம் போட்டிருந்தார்கள். நானும் ரமாபாய் அக்காவும் பகலவன் சாரும் மாதா தேருக்குப் பக்கத்தில் இடம் பிடித்தோம். மேளம் நின்றது. ரோஸ்மேரி அம்மா முன்னால் வந்தார். அன்றைக்குப் பின்னல் இல்லை. முடியை எல்லாம் தூக்கிக் கொண்டை போட்டு, சுற்றி மல்லிகை வைத்திருந்தார். இடது காதில் கருவி, விளக்கு வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தது. டென்னிஸ் கீபோர்டுக்குப் பின்னால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவரையே பார்த்தபடி இருந்தார். அம்மா தலையை ஆனை மாதிரித் தூக்கி மூச்சு இழுத்தார்.

பாட்டு எழுந்தது. எனக்கு எப்போதும்போல் கை கூப்பிக்கொண்டது. கடல் சத்தம்கூட அடங்கின மாதிரி இருந்தது.

எங்களுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு மீன்காரம்மா பகலவன் சாரின் கையை இடித்தார். “யப்பா, நீ அந்தம்மா ஆபீஸ்தானே? காதுல இன்னாது அது, பாட்டு கேக்கற மிசினா?”

தேர் முன்னால், ஊர் பார்க்க, மறைக்காமல் மாட்டிக்கொண்டு நிற்கிற பொருள். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பகலவன் சார் அந்த அம்மாவைப் பார்த்தார். ரமாபாய் அக்காவைப் பார்த்தார். பிறகு தேரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

“எனக்கு ஒண்ணியும் தெரியாதும்மா” என்றார்.